காய்ந்த மரம்தான் வீட்டைத் தாங்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வீடு பழுதுபார்க்கும் கடன் பற்றிய பிற்பகல் அமர்வில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பாலிடெக்னிக் ஒன்றின் கட்டடப் பிரிவு ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)



மரத்தைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் முன்வரிசையில ஒரு அக்கா, "மரம் நடுறதைப் பத்தியா?" என்று கேட்டார். இல்லைங்க அக்கா. வெட்டி அறுத்த மரத்தைப் பத்தி. நம்ம தலைக்கு மேல ராத்திரி முழுக்க ஓட்டைத் தாங்கிக்கிட்டு நிற்கிற உத்திரம், கைமரம், ரீப்பர், வாசலில் நிற்கிற நிலை, மாட்டுக் கொட்டகைத் தூண், இதைப் பத்தி.

"இப்போ எல்லாம் கான்கிரீட் ஆயிடுச்சே, மரம் எங்கே இருக்கு?" என்று இளம் பிள்ளைகள் கேட்கலாம். நம்ம கூட்டமைப்பில் வீட்டுப் பழுதுக்குக் கடன் வாங்குகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டு வீட்டில் இருப்பவர்கள்தான் அதிகம். மெத்தை வீட்டிலும் நிலை, கதவு மரம்தான். கான்கிரீட் போடும்போது அதைத் தாங்குவதும் பல இடங்களில் சவுக்கு முட்டுதான். அந்த முட்டுக்குக் கீழே ஜல்லி சுமக்கிறவர்கள் நம்ம குழுப் பெண்கள். அதனால் இது பொதுவான அறிவுரை கிடையாது. நம்ம பணத்தையும் நம்ம உயிரையும் தொட்ட விஷயம்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். மரம் எந்த ஜாதி, எத்தனை அங்குலம் கனம் என்று கேட்கிறோம். கன அடி என்ன விலை என்று பேரம் பேசுகிறோம். "இதில் ஈரம் எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை இன்றிலிருந்து கேட்க ஆரம்பிக்க வேண்டும்.

கஜா நமக்குக் காட்டியது

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியலுக்கு முன்னால் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. அதை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஒரே ராத்திரியில் தென்னந்தோப்பு எல்லாம் படுத்துவிட்டது. வேம்பு, பூவரசு, மா எல்லாம் வேரோடு சாய்ந்தன. கூரை போனவர்கள் பக்கத்தில் விழுந்து கிடந்த மரத்தையே பார்த்தார்கள். "விழுந்த மரம், சும்மா மக்கிப் போறதுக்கு அறுத்து வீட்டுக்குப் போட்டுக்கலாம்" என்று நினைத்ததில் தப்பே இல்லை.

எங்கள் பக்கத்துக் குழுவில் ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். 40,000 ரூபாய் கடன் வாங்கி, விழுந்த தென்னையையும் வேம்பையும் அறுத்துவந்து மூன்று வாரத்தில் கூரை போட்டுவிட்டார். மழைக்காலம். மரம் அறுக்கும்போதே தண்ணீர் கசிந்தது. அறுத்துக் கொடுத்தவர்களும் "பச்சை மரம்தான் முறியாது, தைரியமா போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த சித்திரைக்குள் கைமரம் நடுவில் தொய்ந்தது. ஓடு நகர்ந்து இடைவெளி விட்டது. அந்த ஐப்பசியில் அந்த இடைவெளி வழியாக மழை இறங்கி, சுவரில் சொருகிய கைமர முனையில் தேங்கியது. மூன்றாம் வருஷம் ஒரு ராத்திரி அந்த முனை இற்று, கைமரம் ஓட்டோடு இறங்கியது. பிள்ளைகள் திண்ணையில் படுத்திருந்தார்கள். அதனால் தப்பித்தார்கள்.

கூரை மக்கிவிட்டது. தவணை மக்கவில்லை. அதை அவர் கட்டித்தான் தீர்த்தார். மறுபடியும் கூரை போட இன்னொரு கடனும் வாங்கினார்.

அந்தக் கூரையில் நடந்தது மூன்று காரியம். ஈர மரம் பலம் குறைவாக இருந்தது. சுமையோடு காய்ந்ததால் தொய்ந்தது. அதற்குப் பிறகு மறுபடி நனைந்ததால் மக்கியது. மூன்றுக்கும் காரணம் தண்ணீர்தான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மரத்துக்குள் தண்ணீர் இருக்கும் இரண்டு இடம்

துணி துவைத்து எடுத்ததும் பிழிகிறோம். சொட்டச் சொட்டத் தண்ணீர் வருகிறது. நல்லா பிழிஞ்ச பிறகு சொட்டு நின்றுவிடும். ஆனாலும் துணி ஈரமாகத்தானே இருக்கு? அந்த ஈரம் நூலுக்குள்ளேயே இருக்கிற ஈரம். அதை வெயிலும் காற்றும்தான் எடுக்க முடியும்.

மரத்திலும் அப்படித்தான். மரம் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்களின் கட்டு. பச்சை மரத்தில் அந்தக் குழாய்களுக்குள் தண்ணீர் நிரம்பி இருக்கும். அது போக, குழாயின் சுவரே தண்ணீரைக் குடித்து ஊறி இருக்கும். மரம் காயும்போது முதலில் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் போகும். அதுவரை எடை குறையுமே தவிர மரத்தின் பலத்தில் மாற்றம் இருக்காது, மரம் சுருங்கவும் செய்யாது. அதற்கு அப்புறம்தான் குழாய்ச் சுவரில் ஊறிய ஈரம் வெளியேற ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்தில்தான் மரம் சுருங்கும், இறுகும், பலம் ஏறும்.

இந்த மாற்றம் தொடங்கும் அளவு பெரும்பாலான மரங்களுக்கு 25லிருந்து 30 சதவீதம் ஈரம். இந்தச் சதவீதம் எப்படி வருது என்று கேட்பீர்கள். காய்ந்த மரத்தின் எடையை வைத்துத்தான் கணக்கு. ஒரு துண்டு மரம் ஈரமாக 130 கிராம், முழுக்கக் காயவைத்ததும் 100 கிராம் என்றால் போன தண்ணீர் 30 கிராம். ஈரம் 30 சதவீதம். ஈரமாக 200 கிராம் இருந்து 100 கிராமாகக் காய்ந்தால் ஈரம் 100 சதவீதம். பச்சை மரத்தில் 100க்கு மேலேயும் வரும். பயப்பட வேண்டாம், அது கணக்குப் போடுகிற முறை.

சுவரில் ஊறிய ஈரம் ஏன் பலத்தைக் குறைக்கிறது? அப்பளத்தைப் பாருங்கள். பொரித்ததும் விறைப்பாக நிற்கும். மழைக்காலத்தில் டப்பாவை மூடாமல் விட்டால் நமுத்துப் போய்விடும். தண்ணீரை யாரும் அதன்மேல் ஊற்றவில்லை. காற்றில் இருந்த ஈரத்தை அது இழுத்துக்கொண்டது. மரத்தின் நார்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பதுதான் அதன் பலம். இடையில் தண்ணீர் புகுந்ததும் நார்கள் விலகும். பிடி தளரும். மரம் கொஞ்சம் பருக்கும், பலம் இறங்கும்.

எவ்வளவு வித்தியாசம்?

எங்கள் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டுவோம். ஒரே பலகையிலிருந்து முடிச்சில்லாத இரண்டு துண்டு ஒரே அளவில் அறுப்போம். ஒன்று காய்ந்தது. இன்னொன்றைப் பல நாள் தண்ணீரில் ஊறப்போடுவோம். பிறகு இரண்டையும் மெஷினில் வைத்து நடுவில் சுமை ஏற்றி முறிப்போம். காய்ந்த துண்டு 'படார்' என்று சத்தத்தோடு, நல்ல சுமையை வாங்கிய பிறகுதான் முறியும். ஊறிய துண்டு சத்தமில்லாமல் தொங்கித் தொங்கி, குறைந்த சுமையிலேயே விட்டுக்கொடுத்துவிடும்.

பாடப் புத்தகத்தில் உள்ள பொதுவான கணக்கு இது. பச்சை மரம் 12 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால், உத்திரம் மாதிரி படுக்கையாகக் கிடந்து சுமையைத் தாங்கும் பலம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும். தூண் மாதிரி நின்று நெருக்கத்தைத் தாங்கும் பலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். அந்த 30 சதவீதத்துக்குக் கீழே ஈரம் ஒரு சதவீதம் குறையக் குறைய, முறியாமல் தாங்கும் பலம் சுமார் 4 சதவீதமும், நெருக்கத்தைத் தாங்கும் பலம் சுமார் 6 சதவீதமும், வளையாமல் நிற்கும் விறைப்பு சுமார் 2 சதவீதமும் கூடும். மரத்துக்கு மரம் கொஞ்சம் மாறும்.

இதில் ஒரு எச்சரிக்கை. இது முடிச்சில்லாத சின்னத் துண்டுக்கு உள்ள கணக்கு. வீட்டு உத்திரத்தில் முடிச்சு இருக்கும். காயும்போது வெடிப்பும் விழும். அதனால் பெரிய மரத்தில் இந்த லாபம் முழுசாகக் கிடைக்காது. "காய்ந்த மரம்தானே, நாலங்குலத்துக்குப் பதில் மூணு போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காய்ந்த மரத்தின் கூடுதல் பலம் நமக்குப் பாதுகாப்புக்காக. அளவைக் குறைப்பதற்கு இல்லை.

அரசாங்கத் தர விதியிலும் இது இருக்கிறது. மரக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 883, ஒரே மரத்துக்கு மூன்று விதமாகச் சுமை அனுமதிக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு ஒரு அளவு, வெளியில் இருப்பதற்கு அதைவிடக் குறைவு, எப்போதும் நனைந்திருக்கும் இடத்துக்கு இன்னும் குறைவு. மரம் அதேதான். நிற்கும் இடத்தின் ஈரம் மாறினால் கணக்கு மாறுகிறது.

"பச்சை மரம் வளையும், முறியாது"

இந்தப் பேச்சு நம்ம ஊரில் எல்லா இடத்திலும் உண்டு. பாதி உண்மை. பச்சைக் குச்சியை வளைத்தால் வளையும், காய்ந்த குச்சி ஒடியும். கூடை முடைகிறவர்களுக்கு வளைகிற குணம் வேண்டும். கூரைக்கு வளையக் கூடாது. அதுதானே வேணும்?

கயிற்றுக் கட்டிலில் நாள்தோறும் படுத்தால் கயிறு தொய்கிறது. எழுந்த பிறகும் அந்தத் தொய்வு முழுசாகப் போவதில்லை. மரத்துக்கும் அந்தக் குணம் உண்டு. நாளெல்லாம், வருஷமெல்லாம் சுமை ஏறி இருந்தால் மெல்ல மெல்ல வளையும். காய்ந்த மரத்தில் இது கொஞ்சமாக இருக்கும். பச்சையாக ஏற்றி, சுமையைத் தாங்கிக்கொண்டே காய்கிற மரத்தில் மிக அதிகமாக இருக்கும். ஏற்றிய அன்று வளைந்ததைப்போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் வளையும். பிறகு எவ்வளவு காய்ந்தாலும் நிமிராது. அதே வளைவில் இறுகிவிடும். அந்தச் சகோதரி வீட்டில் நடந்தது இதுதான். பிறகு மரம் காய்ந்து பலம் ஏறியிருக்கலாம். ஆனால் ஓடு விலகிவிட்டதே!

சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள் இதைக் கவனியுங்கள். பச்சைச் சவுக்கு முட்டும், கயிறு கட்டிய சாரமும் கட்டிய அன்று இறுக்கமாக இருக்கும். வெயிலில் சவுக்கு காய்ந்து சுருங்கும். கயிற்று முடிச்சும் ஆப்பும் தளரும். நேற்று ஏறிய சாரம்தானே என்று இன்று ஏறக் கூடாது. கட்டை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் மேஸ்திரி கோபப்படுவார் என்று பயப்படாதீர்கள். நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். குழுவாக இருப்பது அதுக்கும்தான்.

மக்குவது எங்கே தொடங்குகிறது

மரம் காய்ந்துவிட்டால் அப்படியே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. மரம் காற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வறண்ட பங்குனி, சித்திரையில் ஈரத்தை விடும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தை இழுக்கும். கூரைக்குள் நனையாமல் இருக்கும் மரம் நம்ம பக்கத்தில் பெரும்பாலும் 12 முதல் 16 சதவீதத்துக்குள் ஏறி இறங்கும். இதனால் பெரிய ஆபத்து இல்லை.

ஆபத்து 20 சதவீதத்தைத் தாண்டி, அந்த ஈரம் நீடித்து நிற்கும் இடத்தில். மரத்தை மக்கச் செய்வது ஒரு பூஞ்சை. பழைய சோற்றில் பூப்பது மாதிரி மரத்தையே சாப்பாடாக்கிக்கொண்டு வளரும். 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த மரத்தில் அதனால் வளர முடியாது. ஈரம் இதைத் தாண்டினால் நாரைத் தின்ன ஆரம்பிக்கும். இதில் மோசமானது என்னவென்றால், பார்வைக்கு மரம் நல்லா இருக்கும். எடையும் பெரிதாகக் குறைந்திருக்காது. அதற்குள் பலத்தில் பெரும் பகுதி போயிருக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்துவிடும்.

எங்கே பார்க்க வேண்டும்? நாலு இடம். சுவருக்குள் சொருகியிருக்கும் உத்திரம், கைமரத்தின் முனை. இரண்டு கூரை சேர்ந்து தண்ணீர் ஓடும் பள்ளத்துக்குக் கீழே இருக்கும் மரம். தரையைத் தொட்டு நிற்கும் தூணின் அடி. குளியலறைப் பக்கத்து நிலைக்காலின் அடி. இந்த நாலும்தான் முதலில் போகும்.

எப்படிப் பார்ப்பது? ஒரு திருப்புளி அல்லது மெல்லிய கத்தி முனை போதும். மரத்தில் குத்தி ஒரு சிம்பை நெம்பி எடுங்கள். நல்ல மரத்தில் நீளமான சிம்பு 'சடக்' என்று பிரிந்து வரும். மக்கிய மரத்தில் சிம்பு வராது, குட்டையாக உடைந்து உதிரும். தட்டினால் நல்ல மரம் கணீர் என்று கேட்கும், இற்றது மொத்தென்று கேட்கும். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதே இதைச் செய்துவிடலாம். மழை முடிந்த சமயம், எங்கே நனைந்தது என்பதும் தெரியும்.

பழைய தச்சர்கள் இதையெல்லாம் அறிந்து செய்தவர்கள். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண் எதுவும் தரையில் நேராக ஊன்றி நிற்காது, கீழே கல் இருக்கும். மண்ணின் ஈரம் மரத்தில் ஏறக் கூடாது என்பதற்காகத்தான். அந்தப் பர்மா தேக்கும் எப்படி வந்தது? அங்கே மரத்தை வெட்டுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே அடிமரத்தில் பட்டையையும் வெளிறையும் சுற்றிலும் வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே காயும். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது, காய்ந்தால்தான் மிதக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் நம்ம ஊருக்கு வந்து சேரும்போது அது பாதி காய்ந்த மரமாக வந்தது நமக்கு லாபம்.

குளத்தில் ஊறப்போடுவது

"அப்போ எங்க தாத்தா மரத்தைக் குளத்துல ஊறப்போட்டாரே, அது தப்பா?" என்று ஒரு தங்கை சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். நல்ல கேள்வி. தப்பு இல்லை. மரத்தில், முக்கியமாக வெளிறு பகுதியில், மாவும் சர்க்கரையும் இருக்கும். உளுப்பூச்சிக்கு அதுதான் தீனி. குளத்துத் தண்ணீரில் மாதக் கணக்கில் கிடந்தால் அந்தச் சத்து கரைந்து போகும். பூச்சி வருவது குறையும். மூங்கிலுக்கும் இதே வழிதான். ஆனால் தாத்தா குளத்திலிருந்து எடுத்த மரத்தை அப்படியே கூரையில் ஏற்றவில்லை. நிழலில் அடுக்கிக் காயவைத்த பிறகுதான் ஏற்றினார். ஊறப்போட்டது பூச்சிக்கு. பலம் வந்தது காய்ந்ததால். முதல் பாதியை ஞாபகம் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மறந்துவிட்டோம்.

தென்னை, பனை பற்றியும் ஒரு வார்த்தை. தேக்கு, வேம்பு, பலாவுக்கு வைரம் உள்ளே. தென்னை, பனைக்கு வைரம் வெளியே, நடுவில் சோறு. தொல்காப்பியர் இவற்றை மரத்தோடு சேர்க்காமல் புல் வகையில் வைத்தது இதனால்தான். நடுச்சோற்றில் தண்ணீர் மிக அதிகம், பலம் மிகக் குறைவு. வயசான தென்னையின் அடிப்பக்கத்து வெளி வைரத்தை மட்டும் அறுத்து, காயவைத்து, நனையாத இடத்தில் போட்டால் உழைக்கும். இளந்தென்னையும் நடுச்சோறும் கைமரத்துக்கு ஆகாது. மண்ணைத் தொட்டால் தென்னை சீக்கிரம் மக்கிவிடும்.

வாங்கும்போதும் காயவைக்கும்போதும்

மரக்கடையில் முதல் கேள்வி: "அறுத்து எத்தனை நாளாச்சு?" இரண்டாவது, ஒரே அளவில் நாலு கட்டையைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் கனத்தால் அதில் ஈரம் அதிகமாக இருக்கலாம். உள்ளங்கையை வைத்தால் ஈர மரம் சில்லென்று இருக்கும். மேலே காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளியே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். முனையிலிருந்து ஒரு அடி தள்ளி அறுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சரியாகத் தெரிய வேண்டும் என்றால் அந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டு எடுத்து எடை போட்டு, ரொட்டி போடும் ஓவனில் 103 டிகிரி வெப்பத்தில் எடை மாறாத வரைக்கும் காயவைத்து மறுபடி எடை போடலாம். நம்ம பேக்கரி குழுவிடம் ஓவனும் இருக்கு, தராசும் இருக்கு. கணக்குப் போடத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை.

எவ்வளவு ஈரம் வரை சரி? இதற்கும் இந்தியத் தரம் இருக்கிறது, ஐ.எஸ். 287. காற்றின் ஈரத்தை வைத்து நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். கடலோரம் போல ஈரம் மிகுந்த மண்டலத்தில் உத்திரம், கைமரத்துக்கு 20 சதவீதம் வரை. நிலை, கதவு, ஜன்னலுக்கு இன்னும் குறைவாக இருக்க வேண்டும். ஈரத்தோடு செய்த கதவு காய்ந்து சுருங்கினால் சந்து விடும், மழையில் ஊதினால் மூடாது.

அறுத்த மரத்தை வெயிலில் போடக் கூடாது. வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். நிழலில், காற்று ஓடும் இடத்தில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் செங்கல் மேல் அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரே கனமுள்ள குறுக்குக் குச்சி வையுங்கள், ஒன்றின் நேர்மேல் ஒன்றாக. முனையில் பெயிண்ட் அல்லது சாணம் பூசுங்கள். முனை வழியாகத்தான் தண்ணீர் வேகமாகப் போகும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். மேலே மழை படாமல் தகரம் போட்டாலும், பக்கத்தைத் தார்ப்பாயால் மூடிவிடாதீர்கள். புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

ஏற்றும்போது, சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி சிமெண்டை அடைத்து மூடாமல் விரல் அளவு காற்று இடம் விடச் சொல்லுங்கள். தூணுக்குக் கீழே கல் வையுங்கள். இறவாரத்தை நீளமாக விடுங்கள். ஈர மரத்துக்கு எனாமல் பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். முதலில் காயட்டும், பிறகு பெயிண்ட். உடைந்த ஓட்டை அந்த மழைக்குள்ளேயே மாற்றுங்கள். ஒரு ஓட்டின் விலை ஒரு கைமரத்தைக் காப்பாற்றும்.

கூட்டமைப்பின் முன் மூன்று கோரிக்கை

பேசிவிட்டுப் போக மட்டும் நான் வரவில்லை. தீர்மான நோட்டில் எழுதுவதற்கு மூன்று விஷயம் வைக்கிறேன்.

முதலாவது, கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு ஈரமானி வாங்கி வைக்க வேண்டும். கைக்குள் அடங்கும் கருவி. இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால், ஈர மரத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும் என்பதை வைத்து எத்தனை சதவீதம் என்று காட்டும். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். தராசை வைத்திருப்பது மாதிரி இதையும் வைத்துக்கொள்ளலாம். மரம் வாங்கப் போகிற உறுப்பினர் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும். ஒரு கவனம்: மரத்துக்கு மரம் அளவு கொஞ்சம் மாறும், 30 சதவீதத்துக்கு மேல் காட்டும் எண்ணை நம்ப முடியாது. நமக்குத் தெரிய வேண்டியது 20க்குக் கீழேயா மேலேயா என்பதுதான். அதற்கு இது போதும். முனையில் குத்தாமல், நடுவில் புதிதாக அறுத்த முகத்தில் குத்த வேண்டும்.

இரண்டாவது, வீடு பழுதுபார்க்கும் கடனை ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இரண்டு பங்காகக் கொடுக்க வேண்டும். தையில் அறுவடைப் பணத்தோடு மரத்துக்கான முதல் பங்கு. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் மரம் நிழலில் காயட்டும். வைகாசியில் ஈரம் அளந்து, 20க்குக் கீழே வந்திருந்தால் கூலிக்கும் ஓட்டுக்குமான இரண்டாம் பங்கு. ஐப்பசி மழைக்கு வெகு முன்னாலேயே கூரை முடிந்துவிடும். தடித்த உத்திரம் காய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பழைய வீடு பிரித்த மரம் வாங்குவது நல்லது. அது காய்ந்து நிற்கும் மரம். கத்தி முனையால் குத்திப் பார்த்து, மக்காத மரமாகப் பொறுக்குங்கள். மழை நேரத்தில் கூரை போய்விட்டால் காத்திருக்க முடியாதுதான். அப்போது தற்காலிகமாகத் தகரமோ தார்ப்பாயோ போட ஒரு சின்ன உள்கடனைக் கொடுத்து, நிரந்தரக் கூரையை வைகாசிக்குத் தள்ளலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு ஊராட்சியிலும் பொங்கலுக்குள் குழுவுக்கு இரண்டு பேர் வீடு வீடாகப் போய் அந்த நாலு இடத்தையும் கத்தி முனையால் குத்திப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். முதலில் வயசானவர்கள் தனியாக இருக்கும் வீடு, பிறகு கைக்குழந்தை இருக்கும் வீடு. யாருடைய கூரை முதலில் கடன் கேட்கிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, பெண்களுக்குப் பணத்தைக் கையாளத் தெரியுமா என்று கேட்டார்கள். அதற்கு நாம் கணக்கு நோட்டாலேயே பதில் சொல்லிவிட்டோம். இப்போது கடன் வாங்கவும் தெரியும், கட்டவும் தெரியும். அந்தக் கடனில் வாங்கிய பொருள், கடன் தீர்ந்த பிறகும் நமக்கு உழைக்க வேண்டும். கூரை தவணையைவிட நீண்ட நாள் நிற்க வேண்டும். அதற்கு மரக்கடையில் கேட்கும் அந்த ஒரு கேள்வியும், நிழலில் காத்திருக்கும் அந்த மூன்று நாலு மாதமும் போதும்.

ஈரமானி எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், டீ குடித்த பிறகு மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். என்னிடம் இருக்கும் பழைய கருவியைக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தப் பந்தல் காலிலேயே குத்திப் பார்த்துவிடலாம்.